பதிமூன்று முழ வெள்ளையன்

துந்துபி வருஷம் சித்திரை மாதம், அஸ்தம்பட்டியில் ஒரு துரையின் பங்களா வாசலில் மாட்டுவண்டியில் ஏற்றியபோது இரண்டு முழ உயரம் இருந்த நாய், அடுத்த இரண்டு வருஷத்தில் பதிமூன்று முழத்துக்கு வளர்ந்தது. அளந்தவர் சுள்ளிப்பாளையத்துக் கர்ணம் தண்டாயுதபாணி. நிலம் அளக்கும் சங்கிலியை மூங்கிலில் கட்டித் தூக்கி இரண்டு முறை அளந்தார். இரண்டு முறையும் ஒரே அளவு வந்ததால் அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார். அந்த வருஷம் கோடை மழை பொய்த்திருந்தது, பரமத்தியில் வைசூரி இருந்தது, வெற்றிலை விலை இறங்கியிருந்தது. ஊருக்குப் பேச வேறு விஷயங்கள் நிறைய இருந்தன.

சுள்ளிப்பாளையம் பரமத்தி வேலூருக்கு மேற்கே இரண்டு மைலில், காவிரிக்கும் கரடு என்று சொல்லும் ஒரு மொட்டைக் குன்றுக்கும் நடுவில் இருக்கும் சிற்றூர். அன்றைக்கு இருநூற்று நாற்பது பேர் இருந்தார்கள். ஆற்றோரத்து வெற்றிலைக் கொடிக்கால்களிலும் வாழைத் தோட்டங்களிலும் பாதிக்கு மேல் அர்த்தநாரிக்குச் சொந்தம். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அவரைப் பண்ணாடி என்றார்கள். நாற்பத்தைந்து வயது, ஆஜானுபாகுவான உடம்பு, ஆனால் பயந்த சுபாவம். பாம்புக்கும் இடிக்கும் அவர் பயந்ததில்லை, மனிதர்களுக்குத்தான் பயந்தார். குதிருக்குப் பூட்டு, கிணற்று ராட்டினத்துக்குப் பூட்டு, ஊறுகாய் ஜாடி இருக்கும் அலமாரிக்கு இரண்டு பூட்டு. இடுப்பில் முப்பத்தொரு சாவி தொங்கும். அவரைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை, காதைத் தீட்டிக்கொண்டால் போதும் என்று அவர் மனைவி சென்னியம்மாள் சொல்வாள். ஒரே மகன் சின்னுசாமியைப் பத்து வயதிலேயே சேலத்தில் படிக்க விட்டிருந்தார். சுற்றிலும் எதிரிகள் இருக்கும்போது குடும்பத்தில் ஒரு வக்கீல் வேண்டும் என்பது அவர் கணக்கு.

நாய் வருவதற்கு முந்தின துன்மதி வருஷம் தோட்டத்தில் யாரோ மூன்று வாழைத்தார் வெட்டிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் அர்த்தநாரிக்குச் சோறு இறங்கவில்லை. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்புவதாகவும், அவரிடம் கன்றுக்குட்டி அளவில் ஒரு காவல் நாய் இருப்பதாகவும், நல்ல இடத்தில் விட்டுப்போக விரும்புவதாகவும் கேள்விப்பட்டு, நான்கு சீப்பு பூவன் பழத்தோடு போய் நாயை வாங்கி வந்தார். நாயோடு ஒரு இங்கிலீஷ் கடிதமும் வந்தது. வேலூர் தபாலாபீஸ் குமாஸ்தா அதைப் படித்துத் தமிழில் சொன்னார்.

பனி பெய்யும் மலைகளில் ஆட்டு மந்தைக்குக் காவலிருக்க ஆயிரம் வருஷமாக வளர்க்கப்படும் சாதி இது. ஏவினால் பாயாது. உட்கார் என்றால் உட்காராது. தனக்குத் தோன்றினால் உட்காரும். எதையும் தானே யோசித்து முடிவெடுக்கும். யாரைக் காக்க வேண்டுமோ அவர்களை ஒவ்வொருவராக முகரக் கொடுங்கள், அவசரப்படாதீர்கள். ஏற்றுக்கொண்டால் கைவிடாது. பத்து வருஷம் இருக்கும். கடைசி வரியில், இதற்கு எசமான் என்று ஒருவரைத் தெரியாது, மந்தையை மட்டும்தான் தெரியும் என்று துரை எழுதியிருந்தார். குமாஸ்தாவுக்குப் பண்ணாடியிடமிருந்து ஒரு கவுளி வெற்றிலை வர வேண்டியிருந்ததால், அந்த வரியை எசமான விசுவாசம் மிகுந்தது என்று மொழிபெயர்த்தார்.

மறுநாள் காலை அர்த்தநாரி நாயைத் தன் சொத்துகளுக்கு அறிமுகம் செய்தார். இரும்புப் பெட்டியை முகரக் கொடுத்தார். பிறகு குதிர், வைக்கோல்போர், கிணறு, கொடிக்காலின் நான்கு மூலைகள், அலமாரியின் இரண்டு பூட்டுகள். நாய் எல்லாவற்றையும் மரியாதையாக முகர்ந்துவிட்டுக் கொட்டாவி விட்டது. மூச்சு விடாத எதையும் அது இரண்டாவது முறை பார்க்கவில்லை. பட்டத்து யானைக்கு வைப்பது போல வீரபத்திரன் என்று பெயர் வைத்து நூறு முறை கூப்பிட்டுப் பார்த்தார். அது திரும்பவில்லை. உடம்பெல்லாம் பஞ்சுப் பொதி போல வெள்ளை முடி இருந்ததால் ஊர் அதை வெள்ளையன் என்றது. அதற்கும் அது திரும்பவில்லை, ஆனால் அந்தப் பெயரே நின்றது.

வெள்ளையன் வாசலில் சங்கிலியோடு பத்து நாள் கிடந்தது. போகிறவர் வருகிறவரைப் பார்த்தது. குரைக்கவில்லை. பதினோராவது நாள் ராசாத்தியின் வெள்ளாட்டுக் குட்டி ஒன்று, பிறந்து மூன்று நாளானது, வாசலுக்குள் நுழைந்து நாயின் காதைச் சப்பியது. ராசாத்தி நாற்பது வயது விதவை. நாற்பத்தொரு வெள்ளாடு அவளுக்கு. கரட்டடியில் இருந்த முப்பது ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கை நம்பித்தான் அவளும் இன்னும் பதினைந்து குடும்பமும் ஆடு வைத்திருந்தார்கள். குட்டியைத் தேடி ஓடி வந்தவள் வாசலில் கண்ட காட்சியில் அப்படியே நின்றுவிட்டாள். நாய் குட்டியின் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. நக்கி முடித்ததும் எழுந்தது. அப்போது அது ஒரு நெல் உயரம் கூடியிருந்தது. ஒரு நெல் யார் கண்ணுக்கும் தெரியாது என்பதால் அன்றைக்கு அதை யாரும் கவனிக்கவில்லை.

அந்த வாரமே சங்கிலி பத்தாமல் போயிற்று. கரட்டுப் பக்கமிருந்து இரண்டு ஓநாய்கள் பகல் வெயிலிலேயே இறங்கி வந்து ஆடுகளைச் சுற்றின. ராசாத்தி கவணைச் சுழற்றிக் கத்தினாள். வெள்ளையன் கட்டியிருந்த கல்தூணை மண்ணோடு பெயர்த்து இழுத்துக்கொண்டு வந்து, ஓநாய்களுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் நின்றது. பாயவில்லை, பல்லைக்கூடக் காட்டவில்லை. கோர்ட்டுக் கச்சேரியில் பெஞ்சு கிளார்க்கு நிற்பதுபோல நின்றது. ஓநாய்கள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போய்விட்டன, மறுபடி வரவே இல்லை. வெள்ளையனும் அன்றிலிருந்து பண்ணாடி வாசலுக்குத் திரும்பவில்லை.

"ஏனுங்க பண்ணாடி, உங்க நாயி எங்க பட்டியிலயே படுத்துக்கிச்சுங்க. வந்து கூட்டிட்டுப் போங்க" என்று ராசாத்தி நேரிலேயே போய்ச் சொன்னாள்.

அர்த்தநாரி ஆள் அனுப்பினார். ஆறு பேர் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள். வெள்ளையன் ஆறு பேரையும் ஒவ்வொருவராக முகர்ந்தது. பிறகு அவர்கள் களைத்து உட்கார்ந்தபோது, வெயிலுக்கு மறைப்பாகப் பக்கத்தில் நின்றுகொண்டது. ஆறு பேரும் அந்த நிழலில் தூங்கி எழுந்து, வரமாட்டேங்குதுங்க என்று போய்ச் சொன்னார்கள். அன்றைக்கு அது ஆறு விரற்கடை வளர்ந்தது. இதைச் சென்னியம்மாள்தான் முதலில் கவனித்தாள். காலையில் தன் இடுப்புக்கு இருந்த நாய், பொழுது சாயும்போது நெஞ்சுக்கு இருந்தது.

இப்படியாக ஊர் அந்த நாயைத் தெரிந்துகொண்டது. நாட்டு நாய்களைப் போல அது வாலாட்டிப் பின்னால் வராது. எறிந்த குச்சியை எடுத்து வராது. எறிந்தவருக்கே வேண்டாததை எதற்கு எடுத்து வர வேண்டும் என்பதுபோலப் பார்க்கும். ஊரை ஒரு நாளைக்கு நான்கு சுற்று சுற்றும். கிணற்றோரம் விளையாடும் குழந்தையைக் கண்டால் மூக்கால் தள்ளித் திண்டுக்கு இப்பால் கொண்டுவரும். ஓர் உயிரை முகர்ந்து தன் மந்தையில் சேர்த்துக்கொண்டால் வளரும். ஆட்டுக்கு ஒரு நெல், மாட்டுக்கு இரண்டு நெல், மனிதருக்கு ஒரு விரற்கடை. பட்டாதாரருக்கும் பறையடிப்பவருக்கும் ஒரே விரற்கடைதானா என்று பெரியவர்கள் சிலர் கர்ணத்திடம் விசாரித்தார்கள். அளவு அப்படித்தான் வருகிறது, தான் ஒன்றும் செய்வதற்கில்லை என்று தண்டாயுதபாணி சொன்னார். பன்னிரண்டு முழம் ஆன பிறகும் அது முதல் நாள் தின்ற அதே இரண்டு உருண்டை ராகிக்களியைத்தான் தின்றது. அதனால் யாருக்கும் சங்கடமில்லை.

சங்கடம் அர்த்தநாரிக்குத்தான். தன் நாய் ஊருக்குக் காவலிருக்கிறது என்றால், தன்னிடமிருந்து ஊரைக் காக்கிறது என்றுதானே பொருள்? இந்த எண்ணம் அவரைச் சுட்டது. அதைவிட, அந்த மேய்ச்சல் நிலத்தின்மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண் இருந்தது. மறு வருஷம், ருத்ரோத்காரி தை மாதம், முள்கம்பி வாங்கி வந்து முப்பது ஏக்கரையும் வளைக்க ஆரம்பித்தார். கல்லுக்கால் நடக் குழி வெட்டினார்கள். வெட்டிய குழியின்மேல் வெள்ளையன் படுத்துக்கொண்டது. பக்கத்தில் வெட்டினால் அங்கே புரண்டு படுத்தது. குழி வெட்டியவர்களுக்குக் கூலி உண்டு, வேலை இல்லை என்பதால் அவர்கள் அந்த வாரம் முழுக்க நாயைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

ராசாத்தி அவரிடம் போய் நின்றாள். "அந்தக் காட்டையும் வளைச்சுப் போட்டீங்கன்னா நாங்க ஆட்ட எங்கீங்க ஓட்டறது? வித்துப்போட்டுக் கொழும்புக்குத்தான் கப்பலேறோணும்."

"நெலம் சர்க்காரோடது. உனக்கும் எனக்கும் அதுல பாத்தியமில்ல. சர்க்காரு எனக்குக் குடுத்தா நீ என்ன பண்ணுவ?"

"நா என்னத்தங்க பண்றது. அது படுத்துட்டிருக்குதே, அதைய எழுப்பிப் பாருங்க."

அர்த்தநாரி மனு எழுதினார். நிலத்தை ஆக்கிரமித்திருப்பது நாய் என்று மனுவில் கண்டிருந்ததால் தாலுகா ஆபீசில் கொஞ்சம் தடுமாற்றம் ஏற்பட்டது. நாயை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லலாமா, அல்லது அதன் உயரத்தை உத்தேசித்துக் கட்டடம் என்று வகைப்படுத்தலாமா என்று நான்கு மாதம் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் ஆக்கிரமிப்பாளர் என்றே முடிவாயிற்று. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர் குதிரைவண்டியில் வந்து இறங்கினார். வெள்ளையன், தகப்பன் பெயர் தெரியாது, மேற்படியார் பதினைந்து நாளுக்குள் நிலத்தைக் காலி செய்ய வேண்டியது என்ற நோட்டீசைத் தண்டோரா போட்டு அதன் முன் படித்தார். வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக அதன் முன்னங்கால் ரேகையை எடுக்கக் காகிதம் போதவில்லை. வெள்ளையன் குனிந்து இன்ஸ்பெக்டரை முகர்ந்தது. அவருடைய தொப்பி மூச்சுக்காற்றில் வாழைத் தோட்டத்துக்குள் போய் விழுந்தது. நாய் ஒரு விரற்கடை உயர்ந்தது. அவர் நோட்டீசை ஒரு கல்லின்கீழ் வைத்துவிட்டு, சேர்ப்பிக்கப்பட்டது என்று எழுதிக்கொண்டு திரும்பினார். பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் ஆண்டுக்கு ஒருமுறை, காரணம் ஒன்றும் எழுதாமல், சுள்ளிப்பாளையத்துக்குத் தணிக்கைக்கு வந்தார்.

இனிக் கோர்ட்டுதான் என்று அர்த்தநாரி தீர்மானித்தார். இங்கேதான் வெள்ளையனின் இன்னொரு குணம் தெரிந்தது. பாம்புப் புற்று, பாழுங்கிணறு, ஓநாய், இவற்றைப் போல டவுன் கோர்ட்டையும் அது ஆபத்து என்ற வகையில் சேர்த்திருந்தது. ஏன் சேர்த்தது என்று யாருக்கும் தெரியாது. சந்தைக்கோ கோயிலுக்கோ யாராவது போனால் படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்கும். மடியில் பத்திரத்தோடு கிளம்பினால் எழுந்து வந்து பாதைக்குக் குறுக்கே நிற்கும். வரப்புத் தகராறுக்காக ஏழு வருஷமாகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்த அண்ணன் தம்பிகள் இரண்டு வாய்தாவுக்குப் போக முடியாமல், வேறு வழியில்லாமல் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். டவுனில் மூன்று வக்கீல்கள் வீடு மாற்றினார்கள்.

அர்த்தநாரி மூன்று முறை கிளம்பினார். முதல் முறை நடந்து. இரண்டாம் முறை மூடுவண்டியில். மூன்றாம் முறை சென்னியம்மாளின் சேலையைப் போர்த்திக்கொண்டு, பிறந்தகத்துக்குப் போகிற பெண்ணாக. மூன்று முறையும் அந்த வெள்ளை மலை வந்து முன்னால் நின்று, அவரை மூக்கால் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து வாசலில் விட்டது. முக்காடு நழுவ வாசலில் நின்றவரைப் பார்த்து ஊர் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, ஆனால் அவருக்குள் ஒரு விசித்திரமான கர்வம் பிறந்தது. கரூரில் இருந்த மைத்துனருக்கு எழுதினார்: பதிமூன்று முழ மிருகம் ஒன்று இந்த உலகத்தில் ஒரே ஆளைத்தான் தனக்குச் சமமான எதிரியாக எண்ணியிருக்கிறது, அந்த ஆள் நான்.

ரக்தாட்சி வருஷம் ஆடி பிறந்த மூன்றாம் நாள் காவிரி ஏறியது. அந்த வெள்ளத்தைப் பற்றிப் பவானியிலிருந்து கடல் வரைக்கும் ஒவ்வோர் ஊரும் ஒவ்வொன்று சொல்லும். சுள்ளிப்பாளையத்தில் காலையில் படித்துறை முழுகியது, பொழுது உச்சிக்கு வருமுன் கொடிக்கால்கள் முழுகின. வெள்ளையன் வீடு வீடாகப் போய்ச் சுவரை மூக்கால் தட்டியது. தட்டியும் வராதவர்கள் வீட்டுக் கூரையை எடுத்து ஓரமாக வைத்தது. சனங்கள் ஆடு மாடுகளோடு கரட்டின்மேல் ஏறினார்கள். ஏறியதும், தண்ணீர் ஒருபக்கம் இருந்தாலும், வழக்கத்தை விடாமல் மூன்று இடமாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். வெள்ளையனுக்கு மந்தை சிதறி இருப்பது பிடிக்காது. மூன்று கூட்டத்தையும் ஒன்றாகத் தள்ளியது. அவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். மறுபடி தள்ளியது. நான்காவது முறை தள்ளியபோது எல்லாருக்கும் களைப்பாக இருந்ததால் அப்படியே இருந்துவிட்டார்கள். ஒரே பானையில் களி கிண்டினார்கள். யார் பானை என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டவர்கள் தண்ணீர் வடிந்த பிறகு கேட்டார்கள்.

அர்த்தநாரி வரவில்லை. மாடி வீடு இருந்தது அவருக்கு மட்டும்தான். "நான் அக்கட்ட போனா பெட்டிய எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான். நீ போ" என்று சென்னியம்மாளிடம் சொன்னார்.

"தண்ணி கழுத்துமட்டும் வந்த பொறகு எவனுங்க திருட வாரான்? மீனா?"

"போன்னா போ."

அவள் போகவில்லை, வெள்ளையன் வந்து முந்தானையைப் பிடித்து இழுத்த பிறகு போனாள். போகும்போது, வெளியில் தெரியாமல், அழுதாள். பத்தொன்பது வருஷம் அந்தச் சாவிச் சத்தத்தோடு குடித்தனம் செய்தவள்.

பிற்பகலில் வெள்ளையன் கரட்டின் அடியில், தண்ணீருக்கும் சனங்களுக்கும் நடுவில் எழுந்து நின்றது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் எல்லாரையும் முகர்ந்தது. திரும்பவும் முதலிலிருந்து முகர்ந்தது. பிறகு ஆற்றுப்பக்கம் திரும்பித் தண்ணீருக்குள் இறங்கியது. மரங்களும் வைக்கோல்போர்களும் செத்த மாடுகளும் அடித்துக்கொண்டு வந்த வெள்ளம் அதன் நெஞ்சில் மோதி இரண்டாகப் பிரிந்தது.

அர்த்தநாரி மாடி ஜன்னலில் அந்தத் தலையைக் கண்டார். தன்னைத் தீர்த்துக்கட்டத்தான் வருகிறது என்று அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. மாடியில் முழங்கால் தண்ணீர். இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்தார், மருந்து நனைந்திருந்தது. இரும்புப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று குலதெய்வத்தைக் கூப்பிட்டார். மகனின் இப்போதைய முகம் நினைவுக்கு வரவில்லை, பத்து வயதில் சேலத்துக்கு அனுப்பியபோது இருந்த முகம்தான் வந்தது. அது அவருக்கு மரணத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. வெள்ளையன் ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்துவிட்டு மூக்கை உள்ளே நுழைத்தது. மூச்சுக்காற்று வெதுவெதுப்பாக, ஆட்டுப்பால் வாசனையோடு இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிடரியில், சட்டையோடு சேர்த்து, மிக மெதுவாக ஒரு பிடி விழுந்தது.

"உடு! உட்றா வெள்ளையா! நா உன்ற பண்ணாடிடா!" என்று அவர் ஆற்றுக்கு மேல் தொங்கியபடி கத்தியது கரடு வரைக்கும் கேட்டது. முப்பத்தொரு சாவியும் அங்கேதான் அவிழ்ந்து விழுந்தன. வீடு பின்னால் மெல்லக் குனிந்து தண்ணீருக்குள் உட்கார்ந்தது.

வெள்ளையன் அவரைக் கொண்டுவந்து ராசாத்தியின் ஆடுகளுக்கு நடுவில், ஒரு கிடாய்க்கும் ஒரு சினையாட்டுக்கும் இடையில் வைத்தது. தலையிலிருந்து கால் வரைக்கும் நக்கியது. பிறகு, அன்று முதல் முறையாக, படுத்தது.

அர்த்தநாரி நடுங்கிக்கொண்டே இருந்தார். சென்னியம்மாள் வந்து தலையைத் துவட்டினாள். துவட்டி முடித்ததும் அவர் ராசாத்தியைப் பார்த்தார்.

"என்னைய எதுக்கு இது எடுத்துட்டு வந்துச்சு?"

"ஒண்ணு கொறைஞ்சா அது படுக்காதுங்களே."

"அப்ப நானும் இதுலதானா? எப்பிருந்து?"

"வந்த நாள்ல இருந்துதானுங்க. மொத மொத அது மோந்து பார்த்ததே உங்களைத்தானே."

"பொறகு எதுக்கு என்னைய மட்டும் எங்கயும் போக உடாம மறிச்சு மறிச்சு நின்னுச்சு? என்னைய அது ஓநாய்னு நெனைக்கலியா?"

"ஓநாயிங்களா?" ராசாத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் சிரிக்கக் கூடாது என்று அடக்கினாள். "கோவிச்சுக்காதீங்க பண்ணாடி. மந்தையில ஒரு கெடா வேலி தாண்டும், பள்ளத்துல உழும், இருக்கறதையெல்லாம் முட்டும். நாயி அது பின்னாலயேதானுங்க திரியோணும். அதுமேல அதுக்கு ஒண்ணும் வெரோதமில்லீங்க."

அர்த்தநாரி ஆற்றைத் திரும்பிப் பார்த்தார். தோட்டம் போயிற்று, வீடு போயிற்று, பெட்டி போயிற்று. அவற்றையெல்லாம் அவர் ஒருவாறு தாங்கிக்கொண்டார். இத்தனை நாளாகத் தன்னை ஒரு பெரிய எதிரி என்று நினைத்திருந்தது போனதைத்தான் தாங்க முடியவில்லை. வெகுநேரம் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். குளிர் ஏறியபோது பக்கத்தில் இருந்தவர்களைப் போலவே அவரும் அந்த வெள்ளை முடிக்குள் ஒண்டிக்கொண்டார். உள்ளே இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள்.

வெள்ளம் ஆறாம் நாள் வடிந்தது. ஊரில் ஒருவரும் சாகவில்லை. ஆடு ஒன்று செத்தது, அதுவும் கிழட்டு ஆடு. தாலுகா ஆபீசிலிருந்து சேத விவரம் கேட்டு வந்தவர்கள், ஆள் சேதம் இல்லாத ஊருக்கு நிவாரணப் படிவத்தில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அர்த்தநாரி மறுபடி வீடு கட்டினார், மாடி இல்லாமல். மேய்ச்சல் நிலத்து மனுவைப் பற்றி அவர் பிறகு யாரிடமும் பேசவில்லை. மனம் திருந்திவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். கோர்ட்டுக்குப் போக விடாது என்பதால்தான் என்று சென்னியம்மாள் சொன்னாள். பூட்டு மட்டும் திரும்பவும் வாங்கினார், ஊறுகாய் அலமாரிக்கு ஒன்று. மத்தியான வேளைகளில் கரட்டடிக்குப் போய் நாய் நிழலில் துண்டை விரித்துப் படுப்பார். மற்றவர்களும் அங்கே படுத்திருப்பார்கள். தான் காற்றுக்காக வருவதாக அவர் சொல்லிக்கொண்டார்.

பத்து வருஷம்தான் இருக்கும் என்று துரை எழுதிய கடிதம் பெட்டியோடு ஆற்றில் போய்விட்டதால், வெள்ளையனுக்கு அந்தக் கணக்குத் தெரிய வழியில்லை. அது இருந்தது. மேட்டூரில் அணை கட்டினார்கள், உலகச் சண்டை வந்தது, வேலூருக்குப் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ் வந்தது, அரிசிக்கு ரேஷன் வந்தது. வெள்ளத்துக்குப் பதினெட்டு வருஷம் கழித்து, சித்திரபானு வருஷம் ஆவணியில் சேலத்திலிருந்து காலேஜ் பையன்கள் இருபது பேர் கொடியோடு வந்து, வெள்ளையனே வெளியேறு என்று ஊர்ச் சாவடிச் சுவரில் எழுதிவிட்டுக் கோஷம் போட்டார்கள். ஊரே தடியோடு திரண்டு வந்தது. அது உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது, அது போனால் எங்கள் ஆட்டை நீங்களா பார்ப்பீர்கள் என்று பெண்கள் அழுதார்கள். பையன்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போலீஸ் வந்தது. வெள்ளையன் எழுந்து நடுவில் நின்றது. இன்ஸ்பெக்டர் சுவரைப் படித்தார், நாயைப் பார்த்தார், உள்ளூர் நாய் சம்பந்தமான தகராறு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பையன்களை வெள்ளையன் முகர்ந்திருந்தது. அதில் ஆறு பேர் அந்த வருஷ அறுப்பு முடியும் வரைக்கும் ஊரிலேயே இருந்தார்கள்.

மறு வருஷம் மாசியில் அர்த்தநாரி காய்ச்சலில் படுத்து ஒன்பதாம் நாள் இறந்தார். பாடை மேய்ச்சல் காட்டைத் தாண்டிப் போனபோது வெள்ளையன் மறிக்கவில்லை. விலகி வழிவிட்டது. ஒரு விரற்கடை தாழ்ந்தது. யார் செத்தாலும் அவ்வளவுதான். உறவுக்காரர்கள் சிலர், பண்ணாடிக்கு இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருக்கலாம் என்று நினைத்தார்கள். அதை நாயிடம் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

மகன் சின்னுசாமி சேலத்திலிருந்து வந்து கொள்ளி வைத்தான். இப்போது வக்கீல், முப்பத்திரண்டு வயது. முப்பது நாளும் கண்ணில் ஈரமில்லாமல் எல்லாச் சடங்கையும் கடிகாரம் பார்த்துச் செய்தான். பத்து வயதுக்குப் பிறகு அப்பனோடு சேர்ந்தாற்போல் இருபது நாள் இருந்த நினைவு அவனுக்கு இல்லை. தோட்டத்தை விற்க ஆள் பார்த்தாயிற்று. தாயைச் சேலத்துக்கு அழைத்தான். அவள் வரமாட்டேன் என்றாள். சரி என்று தோல்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

பனைமரங்கள் முடியும் இடத்தில் வெள்ளையன் பாதைக்குக் குறுக்கே நின்றது. அவன் வலப்பக்கம் போனான், அதுவும் போனது. இடப்பக்கம் போனான், அங்கும் வந்தது. தான் யார் தெரியுமா என்று கேட்டான். போக்குவரத்து உரிமை பற்றிய சட்டத்தைக்கூட ஒரு வரி சொன்னான். நாய் குனிந்து அவன் பையை முகர்ந்தது, பிறகு உச்சந்தலையை முகர்ந்தது. வெகுநேரம் முகர்ந்தது. பிறகு தன் பதிமூன்று முழத்தில் ஒரு கன்றுக்குட்டியின் பாரத்தை மட்டும் எடுத்து, அவன் மேல் சாய்ந்தது.

சின்னுசாமி நின்றபடியே நின்றான். அந்த முடியில் வெயிலும் ஆடும், எங்கேயோ ஆழத்தில் அப்பனின் மூக்குப்பொடியும் மணத்தன. முகத்தை அதில் வைத்துக்கொண்டான். பிறகு சத்தமாக, வாய்விட்டு, சின்னப் பையனைப் போல அழுதான்.

ராசாத்தி ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அவன் அழுது முடிக்கும் வரைக்கும் காத்திருந்தாள்.

"இதைய கொஞ்சம் நகரச் சொல்லுங்க. பஸ்ஸு போயிரும்" என்றான் அவன், கண்ணைத் துடைத்தபடி.

"நா சொன்னா அது கேக்குமுங்களா சாமி? நாளைக்கு ஒரு பஸ்ஸு வருமுங்க. அம்மா கம்பஞ்சோறு ஆக்கிட்டு இருக்குது, வாங்க."

தூரத்தில் பஸ் ஊதிக்கொண்டு போனது. சின்னுசாமி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பையை ராசாத்தி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மேய்ந்து திரும்பும் ஆடுகளுக்கு நடுவில் அவன் ஊருக்குள் நடந்தான். வெள்ளையன் எல்லாருக்கும் பின்னால், அவசரமில்லாமல் வந்தது.